கம்ப்யூட்டருக்குப் பெயர் வைப்பது யார் பொறுப்பு?

ஞாயிற்றுக்கிழமை காலை. அல்சூர் ஏரிக்குப் பின்தெருவில் இட்லிப் பொட்டலத்துக்காக நின்றுகொண்டிருந்தேன். ஃபோன் அடித்தது. “அண்ணே, ஒரு பில்லும் போகமாட்டேங்குது. லாகின் ஃபெயில்னே வருது.” எங்கள் ஆபீஸில் சப்போர்ட் பார்க்கும் தம்பி, தென்காசிப் பக்கத்துப் பையன். புரோகிராமை யாரும் தொடவில்லை, பாஸ்வேர்டையும் யாரும் மாற்றவில்லை என்று சத்தியம் செய்தான்.

வீட்டுக்கு வந்து சர்வருக்குள் நுழைந்தேன். ‘பொருநை’ என்று இருக்க வேண்டிய இடத்தில் டெர்மினல் ‘உபுண்டு’ என்று, அதில் ஓடும் லினக்ஸ் வகையின் பெயரையே காட்டியது. தப்பான மெஷினுக்குள் வந்துவிட்டேனோ என்று ஐபி முகவரியை இரண்டு தடவை சரிபார்த்தேன். மெஷின் அதேதான். பெயர்தான் காணாமல் போயிருந்தது.

குற்றவாளி நான்தான். மூன்று மாதத்துக்கு முன் அந்த மெஷினை நிறுவியபோது, ஹோஸ்ட்நேம் என்ற கமாண்டை அடித்து, பக்கத்தில் பொருநை என்று எழுதி என்டர் தட்டினேன். பெயர் அந்த நொடியே மாறியது. வேலை முடிந்தது என்று எழுந்து போய்விட்டேன். அப்புறம் அதில், பில்களை வரிசையில் நிறுத்தி அனுப்பும் ரேபிட்எம்க்யூ என்ற மென்பொருளை நிறுவினோம். அது தன் டேட்டாவை வைக்கும் ஃபோல்டருக்கே மெஷினின் பெயரைச் சேர்த்து ‘ரேபிட் அட் பொருநை’ என்கிற மாதிரிதான் பெயர் சூட்டும். சனிக்கிழமை ராத்திரி கரண்ட் போனது, யுபிஎஸ் கொஞ்ச நேரம் தாங்கிவிட்டு அதுவும் படுத்தது. கரண்ட் வந்து மெஷின் எழுந்தபோது அதற்குப் பொருநை என்ற பெயரே ஞாபகம் இல்லை. ரேபிட்எம்க்யூ ‘ரேபிட் அட் உபுண்டு’ ஃபோல்டரைத் தேடியது, இல்லையென்றதும் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு காலி வீட்டில் குடியேறிவிட்டது. அந்தக் காலி வீட்டில் எங்கள் அப்ளிகேஷனின் யூசர் இல்லை. அதனால்தான் லாகின் ஃபெயில்.

டேட்டா எதுவும் அழியவில்லை, பக்கத்து ஃபோல்டரில் பத்திரமாக இருந்தது. பெயரைத் திருப்பி வைத்து சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ததும் பழைய யூசர், பழைய க்யூ எல்லாம் வந்துவிட்டன. இட்லிதான் ஆறிப்போனது.

மறுநாள் மேலாளர் ஒன்றே ஒன்று கேட்டார்: “பேர் வைக்கறதுக்கு இத்தனை வழி இருக்கே, நாம எதை எடுத்துக்கப் போறோம்?” எங்களிடம் மொத்தம் பதினான்கு மெஷின்கள். ஆபீஸில் ஆறு சர்வர், கிளவுடில் ஐந்து, மற்றவை லேப்டாப். இந்தக் கேள்விக்கு நான் எழுதிக் கொடுத்த பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

பெயர் எங்கே குடியிருக்கிறது

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இது தெரியாமல்தான் நான் மூன்று மாதம் நிம்மதியாகத் தூங்கினேன்.

லினக்ஸில் ஒரு மெஷினின் பெயர் உண்மையில் இருப்பது அதன் மையப் பகுதியான கெர்னலின் மெமரியில். ‘யுடிஎஸ்’ என்ற சின்னக் கட்டமைப்பு ஒன்று உண்டு. கெர்னலின் பெயர், அதன் பதிப்பு, மெஷினின் பெயர் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பெயருக்கு அங்கே 64 எழுத்து இடம். யூநேம் கமாண்டு படிப்பதும் இதைத்தான், எந்த புரோகிராம் “என் மெஷின் பெயர் என்ன” என்று கேட்டாலும் பதில் வருவதும் இங்கிருந்துதான். மெமரி என்றால் கரண்ட் போனால் போச்சு. ஆகவே ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும், அதாவது மெஷின் எழும்போதும், கெர்னலுக்கு யாராவது வந்து “உன் பெயர் இது” என்று சொல்லியாக வேண்டும்.

அப்படிச் சொல்பவர் எதைப் பார்த்துச் சொல்கிறார் என்பது இரண்டாவது இடம். இன்றைய பெரும்பாலான லினக்ஸ்களில் அது, அமைப்பு ஃபைல்களை வைக்கும் ஈடிசி டைரக்டரிக்குள் இருக்கும் ஹோஸ்ட்நேம் என்ற ஃபைல். ஒரே ஒரு வரி, ஒரே ஒரு பெயர். பூட் ஆகும் ஆரம்பத்திலேயே, சர்வீஸ்களையெல்லாம் எழுப்பும் சிஸ்டம்டி என்ற புரோகிராம் அதைப் படித்து கெர்னலிடம் ஒப்படைத்துவிடும். முன்பெல்லாம் ஒவ்வொரு லினக்ஸ் வகைக்கும் ஒரு வழக்கம். டெபியன் இதே ஃபைலை வைத்திருந்தது. ரெட் ஹேட் 6 வரைக்கும் சிஸ்கான்ஃபிக் டைரக்டரியில் நெட்வொர்க் என்ற ஃபைலுக்குள் ஒரு வரியாக இருந்தது. 2014-இல் ரெட் ஹேட் 7 வந்தபோதுதான் அவர்களும் ஈடிசி ஹோஸ்ட்நேமுக்கு வந்து சேர்ந்தார்கள். யூனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஃப்ரீபிஎஸ்டியில் இன்றும் ஆர்சி.கான்ஃப் ஃபைலில் ஒரு வரிதான். ஓபன்பிஎஸ்டிக்காரர்கள் அந்த ஃபைலுக்கு ‘மைநேம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ‘என் பெயர்’. இதைவிடத் தெளிவாக ஒரு ஃபைலுக்குப் பெயர் வைக்க முடியாது.

மூன்றாவது இடம், ஈடிசி ஹோஸ்ட்ஸ். கடைசியில் ‘நேம்’ இல்லை, ‘ஸ்’ மட்டும்தான். புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் நான் பார்த்ததில்லை. ஹோஸ்ட்ஸ் ஃபைல் மெஷினுக்குப் பெயர் வைப்பதில்லை. எந்தப் பெயருக்கு எந்த ஐபி என்று சொல்லும் குட்டி டெலிஃபோன் டைரக்டரி அது. ஆனால் தன் பெயரைத் தானே தேடும் புரோகிராம்கள் நிறைய இருப்பதால், மெஷினின் பெயர் இங்கேயும் இருந்தால் நல்லது. டெபியனும் உபுண்டுவும் நிறுவும்போதே 127.0.1.1 என்ற முகவரிக்கு எதிரே மெஷின் பெயரை எழுதி வைப்பது இதற்காகத்தான்.

நான்காவது, வெளியே. டிஎன்எஸ் (பெயரைக் கொடுத்தால் ஐபி சொல்லும் நெட்வொர்க்கின் டைரக்டரி), ரவுட்டர், கிளவுடின் கணக்குப் புத்தகம். மற்றவர்கள் நம்மை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது அங்கே இருக்கிறது. ரேஷன் கார்டில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர், தெருவில் ஒரு பெயர் என்று வாழ்ந்து பழகியவர்கள் நாம், இது நமக்குப் புரியாத விஷயம் இல்லை. ஆனால் ஆளுக்கு மூன்று பெயர் இருந்தால் அவன் சமாளித்துக்கொள்வான். மெஷின் சமாளிக்காது.

ஆகவே “எந்தக் கமாண்டு நல்லது” என்று கேட்பதைவிட, “பூட் ஆகும்போது இந்த மெஷினின் பெயர் விஷயத்தில் கடைசியாகப் பேசுபவர் யார்” என்று கேட்பதுதான் என் வழக்கம். அவர் எழுதியதுதான் நிற்கும். அவருக்கு முன்னால் நீங்கள் என்ன எழுதினாலும் வீண்.

வெறும் ஹோஸ்ட்நேம் கமாண்டு

இது கெர்னலின் மெமரியை மட்டும் தொடுகிறது. ரூட் (நிர்வாகி) உரிமை வேண்டும், உடனே வேலை செய்யும், கிட்டத்தட்ட எந்த லினக்ஸிலும் யூனிக்ஸிலும் இருக்கும். அடுத்த பூட்டில் போய்விடும். கெட்ட வழி என்று சொல்ல மாட்டேன். ஒரு புரோகிராம் வேறு பெயரில் எப்படி நடந்துகொள்கிறது என்று பத்து நிமிஷம் சோதித்துப் பார்க்க இதைவிட நல்லது கிடையாது, ஏனென்றால் ரீபூட் செய்தால் தடயம் இல்லாமல் பழையபடி ஆகிவிடும். நிரந்தரமாகப் பெயர் வைக்க இதைப் பயன்படுத்தினால் என் கதைதான் உங்கள் கதை. இதில் மோசமான விஷயம், தப்பு உடனே தெரியாது. சர்வர் எத்தனை மாதம் அணையாமல் ஓடுகிறதோ அத்தனை மாதம் தப்பு ஒளிந்திருக்கும்.

ஃபைலை நேரே திருத்துவது

இது நேர் எதிர். அடுத்த பூட்டில் நிச்சயம் நிற்கும், இப்போது எதுவும் மாறாது. பழைய ஆட்கள் பலர் இதைத்தான் விரும்புகிறார்கள், எனக்கும் அதில் ஒரு பிரியம் உண்டு: என்ன எழுதியிருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம், பேக்கப்பில் சேரும், மாற்றங்களைக் கணக்கு வைக்கும் ‘கிட்’ கருவியில் போடலாம். மெஷின் ஓடாமல் டிஸ்க்கை மட்டும் கையில் வைத்திருக்கும்போது, அதாவது ஒரு இமேஜைத் (டிஸ்க்கின் முழு நகலை) தயார் செய்யும்போதோ பூட் ஆகாத மெஷினை ரெஸ்க்யூ செய்யும்போதோ, இந்த வழி சிக்கலில்லாதது. ஆனால் ஃபைலைத் திருத்திவிட்டு ரீபூட் செய்யாமல் விட்டால் மெமரியில் ஒரு பெயர், டிஸ்க்கில் ஒரு பெயர். என்னுடைய விபத்தையே தலைகீழாகச் செய்த மாதிரி. திருத்திய கையோடு கமாண்டையும் அடித்தால் சரியாகிவிடும். இரண்டு வேலை செய்ய வேண்டிய இடத்தில் மனுஷன் ஒன்றை மறப்பான் என்பதுதான் பிரச்சினை.

ஹோஸ்ட்நேம்சிடிஎல்

மறப்பதற்கு இடமில்லாமல் இரண்டையும் சேர்த்துச் செய்வது இதுதான். சிஸ்டம்டியோடு வருகிறது. உபுண்டுவில் 15.04 முதலும் டெபியனில் 8 முதலும், இரண்டும் 2015, சிஸ்டம்டியே இயல்பாக இருப்பதால் இதுவும் கையில் இருக்கிறது. பின்னால் ஹோஸ்ட்நேம்டி என்று ஒரு சின்ன சர்வீஸ் ஓடுகிறது. ஒரு கமாண்டு அடித்தால் கெர்னலும் மாறும், ஈடிசி ஹோஸ்ட்நேம் ஃபைலும் மாறும்.

இது மூன்று விதமான பெயர்களைப் பிரித்து வைத்திருக்கிறது. ‘ஸ்டேடிக்’ என்பது ஃபைலில் இருக்கும் நிரந்தரப் பெயர். ‘ட்ரான்சியன்ட்’ என்பது நெட்வொர்க் போன்ற வெளியாள் தந்த தற்காலிகப் பெயர். ‘ப்ரிட்டி’ என்பது மனுஷர்கள் படிக்க வைக்கும் அழகுப் பெயர். அது ஈடிசியில் மெஷின்-இன்ஃபோ என்ற தனி ஃபைலில் உட்காரும், அதில் இடைவெளி வைக்கலாம், தமிழிலேயே எழுதலாம். ஸ்டேடிக் பெயர் ஒழுங்காக வைக்கப்பட்டு, அது லோக்கல்ஹோஸ்ட் என்பதாக இல்லாதவரை, ட்ரான்சியன்ட் பெயருக்கு மரியாதை கிடையாது. இந்த ஒரு விதிக்காகவே எனக்கு இது பிடிக்கும். யார் கடைசியாகப் பேசுகிறார் என்பதற்கு இங்கே எழுதிவைத்த பதில் இருக்கிறது.

எந்த வகை என்று சொல்லாமல் ஒரே ஒரு பெயரைக் கொடுத்தால் மூன்றையும் மாற்றும். இடைவெளி, மேற்கோள் எல்லாம் வைத்து எழுதினால் அதை அப்படியே ப்ரிட்டியில் போட்டுவிட்டு, சுத்தம் செய்த வடிவத்தை மற்ற இரண்டுக்கும் வைக்கும்.

குறையும் உண்டு. இது ஈடிசி ஹோஸ்ட்ஸைத் தொடாது. பழைய பெயர் அங்கே அப்படியே கிடக்கும். தன் பெயரைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும் மாட்யூல் இல்லாத மெஷினாக இருந்தால், அடுத்து, ரூட் உரிமை வாங்கித் தரும் சுடோ கமாண்டை அடிக்கும்போது “இந்த ஹோஸ்ட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை” என்று ஒரு முனகல் வரும். வேலை நிற்காது, ஆனால் பார்க்கிறவன் பயப்படுவான். எங்கள் தம்பி அதைப் பார்த்து முழு சர்வரையும் உடைத்துவிட்டதாக நினைத்து என்னிடம் ஓடி வந்தான். ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஒரு சொல்லை மாற்றியதும் அடங்கிவிட்டது.

அப்புறம், திறந்திருக்கும் டெர்மினலில் பெயர் மாறாது. டெர்மினலில் நம் கமாண்டுகளை வாங்கும் பாஷ் என்ற ஷெல், ஆரம்பிக்கும்போது ஒரு முறை பெயரைக் கேட்டு மனசில் வைத்துக்கொள்கிறது, பிறகு கேட்பதில்லை. புது ஷெல் திறந்தால் தெரியும். இதை அறியாமல் ஒரே கமாண்டை நான்கு தடவை அடித்தவர்களை நான் அறிவேன்.

நெட்வொர்க் தரும் பெயர்

நெட்வொர்க்கில் சேரும் மெஷினுக்கு ஐபி முகவரி தருவது டிஹெச்சிபி. அது முகவரி தரும்போதே பெயரையும் தரலாம், அதற்கென்று 12-ஆம் எண் ஆப்ஷன் இருக்கிறது. மெஷினில் நிரந்தரப் பெயர் இல்லையென்றால் நெட்வொர்க்மேனேஜர் இதை எடுத்து ட்ரான்சியன்ட் பெயராக வைக்கும், டிஹெச்சிபி தராவிட்டால் டிஎன்எஸ்ஸில் தலைகீழாக, ஐபியை வைத்துப் பெயரைத் தேடியும் பார்க்கும்.

ஒரு பயிற்சிக் கூடம், நாற்பது ஒரே மாதிரி மெஷின், டிஸ்க்கே இல்லாமல் நெட்வொர்க்கிலிருந்து பூட் ஆகிறது என்றால் இதுதான் சரியான வழி. ஒரே இடத்தில் பட்டியல், எழுதுபவர் ஒருவர். சர்வர்களுக்கு வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. ரவுட்டரை மாற்றிய அன்றைக்கு டேட்டாபேஸ் சர்வருக்கும் பெயர் மாறுவது நமக்குத் தேவையில்லாத சாகசம்.

கிளவுட்-இனிட்

கிளவுடில் கதையே வேறு. அங்கே மெஷின் எழும்போது கிளவுட்-இனிட் என்ற புரோகிராம், கிளவுடிடம் கேட்டுப் பெயர் வைக்கிறது. அமேசானில் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் பெரும்பாலும் ‘ஐபி’ என்று ஆரம்பித்து உள்முகவரியின் நான்கு எண்களையும் கோடு போட்டுச் சேர்த்த பெயர் வரும். பெங்களூரில் இருப்பவர்கள் பலரும் மெஷின் எடுக்கும் மும்பை ரீஜனிலும் இதே வழக்கம்தான்.

உள்ளே போய் ஹோஸ்ட்நேம்சிடிஎல்லால் அழகாகப் பெயர் வைத்தோம். பல மாதம் சரியாக இருந்தது. ஒரு நாள் அந்த மெஷினை இமேஜ் எடுத்து அதிலிருந்து இன்னொன்றை எழுப்பினோம். புதியது பழையதன் பெயரோடு வரும், மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தோம். அது தன் ஐபியைப் பெயராகப் போட்டுக்கொண்டு வந்து நின்றது. கிளவுட்-இனிட்டைப் பொறுத்தவரை அது புது மெஷின், புது மெஷினுக்குப் பெயர் வைப்பது அதன் வேலை. அதன் மேல் தப்பில்லை. இரண்டு பேர் ஒரே பிள்ளைக்குப் பெயர் வைக்க நாங்கள்தான் விட்டிருந்தோம்.

இங்கே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிளவுட்-இனிட்டையே எஜமானாக ஏற்றுக்கொண்டு, மெஷினை எழுப்பும்போது கொடுக்கும் யூசர்-டேட்டாவில் பெயரை எழுதிவிடலாம். அல்லது அதன் கான்ஃபிக் ஃபைலில் ‘ப்ரிசர்வ் ஹோஸ்ட்நேம்’ என்பதை ட்ரூ ஆக்கி, “நீ இதில் தலையிடாதே” என்று சொல்லிவிடலாம். நான் முதல் வழிக்குத்தான் ஓட்டுப் போட்டேன். கிளவுட் மெஷின்களை நாங்கள் அடிக்கடி அழித்துப் புதிதாக எழுப்புகிறோம். பெயர் மெஷினுக்கு வெளியே எழுதியிருந்தால்தான் அது தாங்கும். வருஷக்கணக்கில் ஒரே மெஷினை வைத்து ஓட்டுகிறவர்களுக்கு இரண்டாவது வழி பொருந்தும். பாதி இது, பாதி அது என்பது மட்டும் கூடாது. கிளவுட்-இனிட்டிலேயே ஈடிசி ஹோஸ்ட்ஸை நிர்வகிக்கும் ஆப்ஷனும் உண்டு. அதை ட்ரூ என்று வைத்திருந்தால் நீங்கள் கையால் எழுதிய வரிகளை ஒவ்வொரு பூட்டிலும் அழித்து எழுதிவிடும்.

பல மெஷின்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் ஆன்சிபிள் போன்ற கருவி வைத்திருப்பவர்களும் இதையே யோசிக்க வேண்டும். அதுவும் கடைசியில் எழுதுவது அதே ஃபைலில்தான். கேள்வி, அதற்குப் பின்னால் வேறு யாரும் எழுதுகிறார்களா என்பதே.

ஒரே கெர்னலைப் பகிர்ந்துகொண்டு தனித்தனியாக ஓடும் கண்டெய்னரைப் பற்றி ஒரு வரி போதும்: 2006-இல் கெர்னல் 2.6.19 முதல் ஒவ்வொன்றுக்கும் தனி யுடிஎஸ் அறை கிடைக்கிறது, அவற்றை ஓடவிடும் டாக்கர், கண்டெய்னரின் அடையாள எண்ணின் முதல் 12 எழுத்தைப் பெயராக வைத்துவிடும், வேறு பெயர் வேண்டுமென்றால் ஓடவிடும்போதே சொல்ல வேண்டும்.

லேப்டாப்கள்

விண்டோஸில் பெயர் ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறது. மாற்றினால் ரீபூட் ஆன பிறகுதான் நடைமுறைக்கு வரும், ஆகவே என் விபத்து அங்கே நடக்க வாய்ப்பில்லை. அங்கே சிக்கல் வேறு. விண்டோஸ் நெட்வொர்க்கின் பழைய நெட்பயாஸ் பெயருக்கு 15 எழுத்துதான். கணக்குப் பிரிவில் ஒருவர் ‘அக்கவுண்ட்ஸ்-ரிசெப்ஷன்-1’, ‘அக்கவுண்ட்ஸ்-ரிசெப்ஷன்-2’ என்று ஆங்கிலத்தில் வைக்க நினைத்தார். எண்ணிப் பார்த்தால் ‘ரிசெப்ட்’ வரைக்குமே 15 முடிந்துவிடுகிறது. வேறுபடுத்தும் எண் வருவதற்குள் கத்தரி விழுந்துவிடும், இரண்டும் ஒரே பெயராகிவிடும். எண்ணை முன்னால் கொண்டுவாருங்கள் என்றேன்.

மேக்கில் மூன்று பெயர்கள். பார்க்கும் கம்ப்யூட்டர் பெயர், பக்கத்து மெஷின்கள் கூப்பிடும் லோக்கல் பெயர், யூனிக்ஸ் பக்கத்து ஹோஸ்ட் பெயர். எஸ்சியூடில் என்ற கமாண்டால் மூன்றையும் தனித்தனியாக வைக்கலாம். ஒரே வைஃபையில் இரண்டு மேக் ஒரே பெயரில் இருந்தால் ஒன்று தானாகவே பின்னால் 2 சேர்த்துக்கொள்ளும், சண்டை போடாது. லேப்டாப் விஷயத்தில் நான் பெரிதாக விதி போடவில்லை. லினக்ஸ் டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: குரோம் ஓடிக்கொண்டிருக்கும்போது பெயரை மாற்றாதீர்கள். ப்ரொஃபைலை இன்னொருவர் திறக்காமல் இருக்க அது போடும் லாக் ஃபைலில் மெஷின் பெயரை எழுதி வைத்திருக்கும். பிறகு திறந்தால் “வேறு கம்ப்யூட்டரில் இந்த ப்ரொஃபைல் பயன்பாட்டில் இருக்கிறது” என்று அடம் பிடிக்கும்.

இனிஷியல் வேண்டுமா வேண்டாமா

எங்களுக்குள் அதிகம் வாக்குவாதம் நடந்தது இதில்தான். ஈடிசி ஹோஸ்ட்நேமில் ‘பொருநை’ என்று மட்டும் எழுதுவதா, புள்ளி வைத்து டொமைனையும் (கம்பெனியின் இணையப் பெயரையும்) சேர்த்து முழுப் பெயரை எழுதுவதா?

பெங்களூரில் குடியேறிய எந்தத் தமிழருக்கும் இந்தச் சங்கடம் தெரியும். ஊரில் எஸ். முருகனாக இருந்தவர், இங்கே ஏதாவது ஒரு படிவத்தில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்றவுடன் முருகன் செல்வராஜ் ஆகிவிடுகிறார். வங்கியில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி. பிறகு இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க ஒரு அஃபிடவிட். மெஷினுக்கும் இதே கதைதான். டெபியன் வழக்கம் குட்டிப் பெயர். ரெட் ஹேட் பக்கம் முழுப் பெயரை எழுதி வைப்பவர்கள் நிறைய. சிஸ்டம்டியின் கையேடு, சின்ன எழுத்து, புள்ளி கூடாது, இடைவெளி கூடாது என்று குட்டிப் பெயர் பக்கம்தான் நிற்கிறது.

நானும் அந்தக் கட்சி. காரணம், கெர்னலின் அந்த 64 எழுத்து இடம். முழுப் பெயர் எழுதினால் டொமைன், ரீஜன், கம்பெனி பெயர் எல்லாம் சேர்ந்து அந்த அறைக்குள் இடிக்கத் தொடங்கும். டொமைன் என்பது மெஷினின் குணம் இல்லை, அது எந்த நெட்வொர்க்கில் நிற்கிறது என்பதன் விளைவு. அதை டிஎன்எஸ்ஸிலோ ஹோஸ்ட்ஸ் ஃபைலிலோ வைத்தால் போதும். ஹோஸ்ட்நேம் கமாண்டுக்கு மைனஸ் எஃப் கொடுத்தால் அங்கே போய்த் தேடி முழுப் பெயரைச் சொல்லிவிடும். மெயில் சர்வர் மாதிரி முழுப் பெயரை எதிர்பார்க்கும் மென்பொருளுக்கு அதன் கான்ஃபிக்கிலேயே எழுதிக்கொள்ளலாம்.

எழுத்துகளிலும் கட்டுப்பாடு உண்டு. 1985-இல் வந்த ஆர்எஃப்சி 952 என்ற இணைய விதி ஆவணம் ஆங்கில எழுத்து, எண், நடுவில் சிறு கோடு இவற்றை மட்டும் அனுமதித்தது. எண்ணில் பெயர் தொடங்கலாம் என்று 1989-இல் ஆர்எஃப்சி 1123 தளர்த்தியது. அடிக்கோடு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. கெர்னல் வாங்கிக்கொள்ளும், யாரோ ஒரு சான்றிதழ் சோதிக்கும் புரோகிராம் பிறகு கழுத்தைப் பிடிக்கும்.

எந்தப் பெயர் என்பதிலும் ஒரு கூத்து. எங்கள் சர்வர்களுக்கெல்லாம் ஆறுகளின் பெயர். பொருநை, வைகை, பாலாறு. புதிய டேட்டாபேஸ் சர்வருக்குக் காவேரி என்று வைக்கலாம் என்றான் தம்பி. பக்கத்து மேசையில் மண்டியாக்காரர் ஒருவர் இருக்கிறார். “குரூப்புல ‘காவேரி நின்னுபோச்சு’ன்னு ஒரு மெசேஜ் போடுங்க, அப்புறம் பாருங்க” என்றார் சிரித்துக்கொண்டே, பெங்களூர்த் தமிழில். அதற்கு மேல் ஆங்கில ஸ்பெல்லிங் கே-யில் தொடங்குமா சி-யில் தொடங்குமா என்று இன்னொரு அரை மணி நேரம். எழுத்துக் கூட்டலில் சந்தேகம் வரும் பெயர் மெஷினுக்கு ஆகாது என்று அதைக் கைவிட்டோம். ‘பாலாறு’ விஷயத்திலும் கடைசியில் ஒரு யு-வா இரண்டு யு-வா என்று இன்றும் யாராவது கேட்கிறார்கள்.

பெயர் வைத்த பிறகு மாற்றுவது என்பதே பெரிய செலவு. 2014 நவம்பர் 1 முதல் இந்த ஊர் அதிகாரபூர்வமாகப் பெங்களூரு. சிட்டி ஸ்டேஷனுக்குப் பெயரும் மாறிவிட்டது. டிக்கெட்டில் ஸ்டேஷன் கோடு மட்டும் இன்னும் எஸ்பிசிதான். ரேபிட்எம்க்யூவின் ஃபோல்டர் அப்படி ஒரு எஸ்பிசி. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் நகலான ரெப்ளிகாவில் பெயர் குறிப்பிடாமல் விட்டால், அதன் ரிலே லாக் ஃபைலின் பெயரிலும் மெஷினின் பெயர் சேர்ந்துவிடும்; மெஷின் பெயரை மாற்றினால் அதைக் காணோம் என்று ரெப்ளிகா நின்றுவிடும். ஆகவே மென்பொருளை நிறுவுவதற்கு முன் பெயரை முடிவு செய்துவிட வேண்டும். முடியாமல் போனால், அந்தந்த மென்பொருளின் கான்ஃபிக்கில் பெயரைக் கைப்பட எழுதி, மெஷின் பெயரோடு இருக்கும் முடிச்சை அவிழ்த்துவிட வேண்டும். பொருநையில் இப்போது அப்படித்தான் செய்திருக்கிறேன்.

எங்கள் முடிவு இப்படி ஆனது. ஆபீஸ் சர்வர் ஆறுக்கும் ஹோஸ்ட்நேம்சிடிஎல், அதே கையோடு ஹோஸ்ட்ஸ் ஃபைல், குட்டிப் பெயர். கிளவுட் ஐந்துக்கும் யூசர்-டேட்டாவில் பெயர், உள்ளே யாரும் கை வைக்கக் கூடாது. லேப்டாப் அவரவர் விருப்பம், 15 எழுத்துக்குள். இதோடு ஒரு நிபந்தனை: பெயர் வைத்த அன்றே ரீபூட் செய்து பார்க்காமல் அந்த மெஷினில் எதையும் நிறுவக் கூடாது.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம், எல்லோரும் போன பிறகு, ஆறு சர்வரையும் ஒவ்வொன்றாக அணைத்து எழுப்பினோம். ஐந்து சரியாக வந்தன. ஒன்று மட்டும் பழைய பெயரோடு வந்தது. அதுவும் என்றோ நான் வெறும் கமாண்டால் பெயர் வைத்ததுதான். நல்லவேளை, அதில் பெயரை நம்பி எதுவும் ஓடவில்லை.

கடைசியாக, பொருநைக்கு ப்ரிட்டி பெயரைத் தமிழிலேயே வைக்கிறேன் என்றான் தம்பி. வைத்தான். ஃபைலுக்குள் எழுத்து சரியாகத்தான் உட்கார்ந்தது. ஹோஸ்ட்நேம்சிடிஎல் அடித்துப் பார்த்தால், அந்த டெர்மினலில் ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், பகரம் ஒரு பக்கம், துணைக்கால் தள்ளி இன்னொரு பக்கம். அவன் திரையை என் பக்கம் திருப்பி, “அண்ணே, ஆத்துல தண்ணி பிரிஞ்சு போற மாதிரி இருக்கு, விட்டுரவா?” என்றான். விட்டுவிடு என்றேன்.